சாமியாத்தாள் கொடுத்த பூவன் தார்

காலையில் ஒரு பூவன் பழம் சாப்பிடாமல் நான் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. இன்றைக்குத்தான் வெறும் வயிற்றோடு வந்திருக்கிறேன். கோபிப் பக்கத்துப் பழம் என்றால் அதற்குத் தனி ருசி. என்னிடம் வைத்தியம் பார்க்கும் சாமியாத்தாள் தன் தோட்டத்தில் தார் வெட்டினால் முதல் தார் எனக்குத்தான் வரும். உங்கள் விசாரணைக்கும் பழத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்கிறீர்கள். சொல்கிறேன்.

கோயமுத்தூரில் சிறுநீரக டாக்டர் வெங்கடபதியைத் தெரியாதவர்கள் குறைவு. தற்பெருமை இல்லை; உங்கள் மாமனாரை நீங்களே என்னிடம் அனுப்பியிருக்கிறீர்கள். சிறுநீரகம் கெடப்போவதைக் கெடுவதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும் பரிசோதனை ஒன்றை நான் உருவாக்கினேன். மூட்டுவலிக்கு வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் அதைச் செய்து பார்த்தேன். ஆபத்து தெரிந்தால் உடனே மாத்திரையை நிறுத்தி, சிகிச்சையை மாற்றுவோம் என்று சொல்லித்தான் அனுமதி வாங்கினேன். ஆனால் நிறுத்திவிட்டால் சிறுநீரகம் கெடாது. கெடாவிட்டால், கெடும் என்று நான் சொன்னதை யார் நம்புவார்கள்? அதனால் ஆபத்து என்று காட்டியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பதில் தவறில்லை என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பொறுமை மெர்சிக்கு இல்லை. ஆராய்ச்சியில் எனக்கு உதவியாக இருந்த டாக்டர் அவள். தொழில் கற்றுக்கொடுத்தது நான். அவள் கல்யாணத்தில் சொந்தக்காரனைப் போல முன்னால் நின்று பந்தி கவனித்தவனும் நான். ஆபத்து என்று பரிசோதனை காட்டிய ஒவ்வொருவரையும் எனக்குத் தெரியாமல் கூப்பிட்டு, மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் தேறிவிட்டார்கள். என் பரிசோதனை பொய்யாகிக்கொண்டே வந்தது.

"ஏன் அம்மணி இப்படிச் செஞ்சுபோட்டே?" என்று கேட்டேன்.

"அவங்க நல்லா இருக்கறாங்களே சார். அதுக்குத்தானுங்களே கண்டுபுடிச்சீங்க?"

கூடவே இருந்து குழி பறித்தவள் என்னைக் கேட்ட கேள்வி இது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற மகள் செய்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அந்த வாரம்தான் சாமியாத்தாள் வந்தார். பரிசோதனையில் அவரைப் போல மோசமாக வேறு யாருக்கும் காட்டியதில்லை. மெர்சி சொல்லி அவரும் மாத்திரையை விட்டிருந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"அந்தப் புள்ள வேண்டாமுன்னு சொல்லுச்சுங்க. வலி உசுரு போவுதுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாத்தானுங்க எனக்கு மனசு கேக்கும்."

"சின்னப் பொண்ணு, அது பயந்துக்குது. நீங்க தைரியமாச் சாப்பிடுங்கம்மா."

வீரியம் கூடிய மாத்திரையாகவே எழுதிக் கொடுத்தேன். இனி மெர்சியிடம் போக வேண்டாம், நேராக என்னிடமே வாருங்கள் என்றும் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

தெரிந்தே செய்தீர்களா என்று கேட்கிறீர்கள். தெரிந்தேதான் செய்தேன். எனக்கு ஒரே ஒருவராவது வேண்டியிருந்தது. பரிசோதனை சொன்னபடியே அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் நின்றுபோயின. அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

இப்போது அவர் டயாலிசிஸில்தான் இருக்கிறார். வாழைப்பழம் தொடக்கூடாது, அதிலிருக்கும் பொட்டாசியம் இருதயத்தையே நிறுத்திவிடும் என்று அவருக்கு எடுத்துச் சொன்னதும் நான்தான். அதற்குப் பிறகும் தார் வருவது நிற்கவில்லை.

"எனக்குத்தான் ஆவாதுன்னு சொல்லிப்போட்டீங்க. நீங்களாச்சும் சாப்பிடுங்க" என்பார்.

மெர்சி உங்களிடம் புகார் கொடுத்தாள். தேறியவர்களில் ஒருவர்கூட எனக்காக வந்து நிற்கவில்லை. அதெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன். நேற்று நீங்கள் சாமியாத்தாளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்களாம். இன்று காலையில் வர வேண்டிய தார் வரவில்லை. அந்த அம்மாவும் என்னைக் கைவிடுவார் என்று நான் நினைக்கவே இல்லை.