மே காலையில் மறுத்த பால்

வேண்டாம், தலைவர் அவர்களே, தீக்குச்சியைக் கீழே வையுங்கள். நேரமாகிவிட்டது, தெரிகிறது. விறகு காய்ந்திருக்கிறது. காற்று அடங்கியிருக்கிறது. பிள்ளைகளுக்குப் பசிக்கிறது. ஆனாலும் முதலில் பேச்சு. பிறகே தீ.

விழாத் தலைவர் மாலகி கில்லூலி அவர்களே, குன்றின் உச்சிவரை விறகு சுமந்து வந்த பெரியோர்களே, முட்புதருக்கு ரிப்பன் கட்டி அதை மணமகளாக்கிய தாய்மார்களே, வாசல்தோறும் மஞ்சள் பூத் தூவிய தம்பி தங்கைகளே, உங்கள் எல்லோருக்கும் இந்தப் பியால்டினே மாலையின் வணக்கம்.

பியால்டினே தீ ஏற்றிக் கோடையை வரவேற்கக் கூடியிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் கில்டாரனில் இந்த விழா இல்லை. கெல்டிய முன்னோரின் நெருப்பு புத்தகத்தில் மட்டும் இருந்தது. புத்தகத்தின் பக்கத்திலிருந்து அதைக் குன்றுக்குக் கொண்டுவந்தோம். பூவை மீட்டோம். பாட்டை மீட்டோம். கூடவே இன்னொரு வழக்கத்தையும் மீட்டோம். மே முதல் நாள் காலையில் எவர் கேட்டாலும் வீட்டிலிருந்து பால் வெளியே போகக் கூடாது. போனால், அந்த ஆண்டின் வெண்ணெயெல்லாம் கேட்டவள் பின்னாலேயே போய்விடும். கேட்டு வருபவள் சூனியக்காரி.

சிரிக்கிறீர்கள். சென்ற ஆண்டும் இந்த ஊர் சிரித்தது.

சென்ற மே முதல் நாள். கடைசி வீட்டுக்கு டெர்வ்லா ஹெனிகன் குடிவந்து ஓர் இரவுதான் ஆகியிருந்தது. டப்ளினிலிருந்து வந்தவள். நர்ஸ். பெட்டிகள் பிரிக்கப்படவில்லை. சின்ன மகள் பாலுக்கு அழுகிறாள். கடை இன்னும் திறக்கவில்லை. டெர்வ்லா ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

பக்கத்து வீடு அட்ராக்டா அத்தை வீடு. முன்வரிசையில் இருக்கிறார். இதைச் சொல்லலாம் என்று அவரே அனுமதித்தார்.

“பால் நெறைய இருக்கும்மா. இன்னைக்கு மட்டும் கேக்காதே. நாளைக்கு வா, குடத்தோட தர்றேன்” என்றார் அத்தை. அன்பாகத்தான் சொன்னார். அடுத்த வீட்டில், “ஏறிப் பறந்து வந்த வெளக்கமாத்த எங்க நிறுத்திட்டு வந்தே?” என்று கேட்டார்கள். உள்ளேயிருந்து சிரிப்பு. மூன்றாம் வீட்டில் திரைச்சீலை மட்டும் அசைந்தது.

கோப்பை காலியாகவே திரும்பியது.

நம்மில் எவர் வீட்டில் மாடு இருக்கிறது? எவர் வெண்ணெய் கடைகிறார்? கடையில் வாங்கி, குளிர்பெட்டியில் வைத்த பிளாஸ்டிக் புட்டிப் பால். அதிலிருந்து எந்த வெண்ணெய் களவு போகும்? எதைக் காத்தோம்? எவரிடமிருந்து காத்தோம்?

இந்த வழக்கம் பிறகு அவளுக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன? அவள் எந்தக் கதவையும் மீண்டும் தட்டவில்லை. ஜனவரிப் புயலில் மின்சாரம் போய் வீடெல்லாம் குளிர்ந்ததே, அப்போதும் தட்டவில்லை. அத்தை வீட்டுப் புகைபோக்கியில் புகை. இவள் காரைக் கிளப்பி, அதன் சூட்டில், மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

என்ன அத்தை? எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.

“நான் ஜன்னல் வழியாப் பாத்தேன். எங்கயோ கெளம்புறாங்கன்னுதான் நெனச்சேன்.”

ஆம். கிளம்பிக்கொண்டுதான் இருந்தாள். அந்த மே காலையிலிருந்தே.

நாளைக் காலை சாமான் வண்டி வருகிறது. நேற்று பெட்டி கட்ட உதவப் போனேன். ஏன் போகிறாய் என்று கேட்டேன். பெட்டிக்கு ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: “பால் இல்லைன்னு ஒருத்தராவது பொய் சொல்லியிருக்கலாம்.”

அவ்வளவுதான். அடுத்த பெட்டியை எடுத்தாள்.

ஒரு பொய். ஒரு சின்னப் பொய். அதைக்கூட நாம் கொடுக்கவில்லை.

அன்பர்களே, முன்னோர் இந்த விழாவுக்கு இரண்டு வழக்கங்களை வைத்தார்கள். ஒன்று, பாலைப் பூட்டிவைப்பது. மற்றது, எல்லா வீட்டு அடுப்பையும் அணைத்துவிட்டு, ஒரே நெருப்பிலிருந்து எல்லோரும் ஏற்றிக்கொள்வது. ஒன்று அச்சம். ஒன்று பங்கு. அவர்கள் பஞ்சம் பார்த்தவர்கள், அதனால் அஞ்சினார்கள். அஞ்சியவர்கள்தாம் பகிர்ந்தும் வாழ்ந்தார்கள். பஞ்சமே அறியாத நாம் அச்சத்தைத் தேடிப் பிடித்து மீட்டோம். பங்கை விட்டுவிட்டோம்.

“அப்ப ஆளுக்கொரு புட்டி பாலக் கொண்டுபோய்க் குடுத்துருவோம்” என்கிறார் பின்வரிசை அண்ணன். நல்ல மனம். ஆனால் அண்ணா, கொடுப்பவர் வாசலில் நிமிர்ந்து நிற்கிறார். கேட்பவர்தான் கோப்பையோடு நிற்கிறார். நமக்கு நிமிர்ந்து நின்று பழக்கமாகிவிட்டது.

அதனால் கேட்போம். இந்த விறகுக்கு நெருப்பு இந்த மேடையிலிருந்து வர வேண்டாம். அந்தக் கடைசி வீட்டிலிருந்து வரட்டும். அவள் தருவாளா? தெரியாது. தந்தால் தங்குவாளா? மாட்டாள். வண்டி வரத்தான் செய்யும். மறுத்தால்? மறுக்கட்டும். நெருப்பு இருக்கிறது, தரமாட்டேன் என்று சொல்லட்டும். சிரிக்கவும் செய்யட்டும். இந்தக் குன்று இன்றிரவு இருட்டாகவே கிடக்கட்டும். இருட்டில் நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிராது.

பசியோடும் பொறுத்திருந்த பிள்ளைகளுக்கு நன்றி. மறைக்காமல் சொன்ன அட்ராக்டா அத்தைக்கு நன்றி. தீக்குச்சியைக் கீழே வைத்த தலைவருக்கு நன்றி. கோடை எல்லோர் வாசலுக்கும் வரட்டும். வணக்கம்.

*

பேசியவள் மேடையிலிருந்து இறங்கினாள். அணைந்த லாந்தரை எடுத்துக்கொண்டு குன்றிறங்கிக் கடைசி வீட்டுக்கு நடந்தாள். கதவைத் தட்டினாள். திறந்ததும், தீப்பெட்டி இருக்குமா என்று கேட்டாள்.