ஏழு மாடி வெளிச்சம்

— இன்னொரு தடவை பாருங்கண்ணே.

— நாலு தடவை பார்த்துட்டேன் மேடம். என் கண்ணுதான் துடிக்குது. குட்டி துடிக்கல.

— மைக்ராஸ்கோப்பைச் சரியா வெச்சீங்களா?

— பதினாறு வருஷமா இந்த லேப்ல டெக்னீஷியன். துடிக்கிறது எது, துடிக்காதது எதுன்னு தெரியாதா எனக்கு?

— எட்டு மாசம் வளர்த்த இதயத் தசைண்ணே! பத்து மணிக்குக் கமிட்டி வந்துடும். உயிரோட துடிக்கிறதைக் காட்டினாத்தான் ஏழு மாடிக் கட்டடம். இல்லேன்னா நம்ம பயோமெடிக்கல் துறையைத் தூக்கி மெக்கானிக்கலோட சேர்த்துடுவாங்க. ஹெச்.ஓ.டி.யா இருந்தவ, அங்க போய் போல்ட் முடுக்கவா?

— கத்துத் தரேன் மேடம். இந்த இன்குபேட்டர் கதவை மாசாமாசம் நான்தானே முடுக்குறேன்.

— ஜோக்கடிக்கிற நேரமா இது? போன வாரம் எடுத்த வீடியோ இருக்குல்ல, அதைப் போட்டுக் காட்டிடலாமா?

— அவங்களே மைக்ராஸ்கோப்புல கண்ணை வெச்சுப் பார்ப்பாங்க. மாட்டினோம், மெக்கானிக்கல்லகூட சேர்த்துக்க மாட்டாங்க. முதல்ல உட்காருங்க. நேத்துலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க.

— எப்படிச் செத்துச்சு?

— இன்குபேட்டர் ப்ளக்கை யாரோ கழட்டியிருக்காங்க. விடிய விடிய ஜில்லுன்னு கிடந்திருக்கு.

— அலாரம் அடிச்சிருக்கணுமே?

— அதுக்கு பேட்டரி கேட்டு மூணு தடவை எழுதினேன். 'புதுக் கட்டடம் வரட்டும், எல்லாம் புதுசா வாங்கிக்கலாம்'னு நீங்கதான்...

— அதை விடுங்க. பன்னெண்டு பசங்களோட ஆரம்பிச்சோம். இன்னைக்கு முந்நூறு பேர்...

— பசங்க முந்நூறு. இன்குபேட்டர் ஒண்ணு. ஒழுங்கா வேலை செய்யுற ப்ளக் பாயின்ட்டும் ஒண்ணு.

— கழட்டினது யாருன்னு சொல்லுங்க. இன்னைக்கே சீட்டைக் கிழிக்கிறேன்.

— நான்தான்னு எழுதிக்கோங்க.

— நீங்க அஞ்சு மணிக்கே போயாச்சு. யாரைக் காப்பாத்துறீங்க?

— விட்டுடுங்களேன் மேடம்.

— சொல்லுங்கண்ணே!

— அந்தப் பாயின்ட்டுல வேற ஒரு வயர் சொருகியிருந்துச்சு. அதைக் கழட்டிட்டு நம்மதைச் சொருகினதும், மெஷின் நின்ன நேரம் காட்டிச்சு. நேத்து சாயங்காலம் ஏழு மணி எட்டு நிமிஷம். சரி, அந்த வயர் எங்கதான் போகுதுன்னு பிடிச்சுக்கிட்டே போனேன். வாசல்ல இருக்குற கண்ணாடிப் பெட்டிக்குள்ள போகுது.

— கமிட்டிக்குக் காட்ட வெச்ச மாடலா? நம்ம புதுக் கட்டடம்?

— அதேதான். ஏழு மாடியிலயும் கடுகு கடுகா பல்பு. ரெண்டே நிமிஷம் கழிச்சு, ஏழு பத்துக்கு, அது பளபளன்னு எரியுற போட்டோவை வாட்ஸ்அப் குரூப்புல போட்டு, 'நம்ம எதிர்காலம்'னு எழுதியிருந்தீங்களே மேடம்.