தலைமாட்டில் ஒரு விளக்கு

இந்தப் பரிசளிப்பு விழாவுக்குத் தலைமையேற்று, என் பேச்சு எங்கே நீண்டுவிடுமோ என்று கடிகாரத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் பெருமதிப்புக்குரிய குணசேகரம் ஐயா அவர்களே! ஸ்டுட்கார்ட் நகரத்துச் சனிக்கிழமைகளைத் தமிழுக்கென்றே எழுதி வைத்த ஆசிரியப் பெருமக்களே! வாயில் ழகரம் வந்து உட்காரும்வரை என்னை வீட்டுக்கு விடாத ஜெயமலர் ரீச்சர் அவர்களே! கொட்டும் பனியிலும் பிள்ளைகளைக் கைபிடித்து இழுத்துவந்த தாய்மார்களே! இரவு வேலை முடித்து, உறங்காத கண்ணோடு வந்திருக்கும் தந்தையர்களே! பரிசு வாங்கிச் சிரிக்கும் பிள்ளைகளே, பரிசு கிடைக்காமல் என்னை முறைக்கும் பிள்ளைகளே! உங்கள் எல்லோர் முன்னும் இந்தத் தக்சாயினி தலைதாழ்த்தி வணங்குகிறாள்.

இதே மேடையில் நின்று முழங்கியவள்தான் நான். தமிழின் இனிமை பற்றி முழங்கினேன், தாய்மையின் பெருமை பற்றி முழங்கினேன், தண்ணீரின் அருமை பற்றியும் முழங்கினேன். ஜெயமலர் ரீச்சர் சிரிக்கிறார். எழுதித் தந்தவர் அவர்தானே! அப்படி முழங்கியவள் இன்று முழங்க வரவில்லை. ஒரு மனிதரின் தனிமையை உங்கள் முன்னால் வைக்க வந்திருக்கிறேன்.

நான் ஓர் உளநல மருத்துவமனையில் வேலை செய்கிறேன். எந்த மாத்திரைக்கும் அசையாத மனச்சோர்வு என்று ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்து இறங்க மறுக்கும் சோர்வு. அதற்குக் காளானிலிருந்து கண்டறிந்த ஒரு மருந்தை அங்கே ஆராய்கிறார்கள். மனத்தின் காட்சிகளையே மாற்றிவிடும் மருந்து. நோயாளி கண்ணைக் கட்டி, இசை கேட்டபடி ஒரு பகல் முழுவதும் படுத்திருப்பார். பயிற்சி பெற்ற இருவர் பக்கத்தை விட்டு நகராமல் இருப்பார்கள். பின்வரிசையில் யாரோ "போதைக் காளானோ?" என்று கேட்பது காதில் விழுகிறது. ஓம் அண்ணை, அந்த இனம்தான். ஆனால் அனுமதி பெற்ற இடத்தில், அளந்து கொடுத்து, இதயத்துடிப்பைப் பார்த்துப் பார்த்துச் செய்யும் ஆராய்ச்சி. எல்லோருக்கும் பலிக்கும் என்று சத்தியம் செய்ய இன்னும் யாராலும் ஏலாது. தயவுசெய்து நாளைக்கே கூடையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போய்விடாதீர்கள்!

எங்கள் கட்டடத்தில் கீழ்மாடியில் சிகிச்சை, நடுமாடியில் ஆராய்ச்சி, மேல்மாடியில் பயிற்சி. கூரை ஒன்று, வாசல் ஒன்று. ஆனால் ஒரு மாடிக்காரர் இன்னொரு மாடிக்காரரோடு பேசுவது லிஃப்டுக்குள் மட்டும்தான். நான் நடுமாடிக்காரி. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நோயாளியிடம் கேள்வி கேட்டு மதிப்பெண் போடுவது என் வேலை. கீழே என்ன நடந்தது என்று நான் அறியக் கூடாது. அறிந்தால் என் மதிப்பெண் சாய்ந்துவிடும் என்பது விதி. நல்ல விதிதான்.

அங்கே ஒருநாள் கணேசலிங்கம் ஐயா வந்தார். இந்த மேடையில் பெயரைச் சொல்லலாமா என்று முன்கூட்டியே கேட்டேன். "சொல்லுங்கோ பிள்ளை. பேரில்லாத ஆளாத்தானே இவ்வளவு காலமும் இருந்தனான்" என்றார். இளைஞனாக, தனியாக இந்த நாட்டுக்கு வந்தவர். அகதி விண்ணப்பம், அந்த Antrag, முடிவாகாமல் கிடந்த காலத்தில் ஊரில் தாயார் போய்விட்டார். எல்லை தாண்ட முடியாது. ஒரே மகன் இல்லாமலே தாயாரின் காரியம் முடிந்தது. அன்று முதல் இங்கே எந்தத் தமிழர் வீட்டில் செத்தவீடு என்றாலும் முதல் ஆளாகப் போய் ஆட்கள் உட்காரக் கதிரை போடுவார், தேத்தண்ணி கொடுப்பார், கடைசி ஆளாகக் கூட்டிப் பெருக்கிவிட்டு வருவார். எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவர் வீட்டுக் கதவைத் தட்டியவர் யார்? அவர் எங்கே இருக்கிறார் என்றாவது யாருக்குத் தெரியும்? கலியாணம் இல்லை, பிள்ளை இல்லை, கைத்தொலைபேசி அடித்தால் அது வேலையிடம்.

முதல் சிகிச்சை முடிந்து என் முன்னால் வந்து உட்கார்ந்தார். விதிப்படி ஜெர்மன் மொழியில் கேட்டேன். உறக்கம் எப்படி? நன்று. பசி? நன்று. மனம்? நன்று, மிக்க நன்றி. மதிப்பெண்கள் மளமளவென்று ஏறின. ஆராய்ச்சிக்கு வெற்றி! எழுந்து கதவுவரை போனவர் திரும்பி நின்று, "நீங்கள் தமிழோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். ஒரு கணம் தரையைப் பார்த்தார்.

"பிள்ளை, அண்டைக்கு ஒருத்தரும் வரேல்லை" என்றார்.

அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விளங்கியது. கீழ்மாடியில் அறையை எவ்வளவு அன்போடு அழகுபடுத்தியிருந்தார்கள் தெரியுமா? மெத்தையில் வெள்ளை விரிப்பு. மேலே வெள்ளைப் போர்வை. பக்கத்தில் பூக்கள். நோயாளியின் மனம் அமைதி அடையட்டும் என்று தலைமாட்டில் ஒரு விளக்கு! ஜெர்மன்காரரின் கண்ணுக்கு அது அமைதி. வாழ்நாளெல்லாம் செத்தவீடுகளில் நின்ற ஒருவரின் கண்ணுக்கு அது என்ன, தாய்மாரே? சொல்லுங்கள். நீங்கள் வாயில் கைவைப்பது எனக்குத் தெரிகிறது. உங்களுக்கு விளங்கிவிட்டது. ஓர் உயிர் போன உடலைக் கிடத்தும் கோலம் அது.

பார்த்தவுடனே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "அவை பாவம், எவ்வளவு பாடுபட்டுச் செய்திருக்கினம். எப்பிடிச் சொல்லுறது?" என்றார். நல்லா இருக்கு என்று பாராட்டிவிட்டு, நன்றியும் சொல்லிவிட்டு, அந்தக் கோலத்துக்குள் தானே போய்ப் படுத்திருக்கிறார்! சிலர் சிரிக்கிறீர்கள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்? பல்லைப் பிடுங்கும்போதுகூட நோகவில்லை என்று டாக்டரை ஆறுதல்படுத்தும் சனம் அல்லவா நாம்?

மருந்து வேலை செய்தது. மனம் அந்த விளக்கைப் பற்றிக்கொண்டது. தன் செத்தவீட்டில் தானே கிடந்தார். வாசல் திறந்திருந்தது, கதிரைகள் போட்டிருந்தன, ஒருவரும் வரவில்லை. "ஆரும் வரேல்லையோ, ஆரும் வரேல்லையோ" என்று கேட்டுக்கொண்டே கிடந்தார். அதுவரை அவரிடம் இருந்த ஜெர்மன் அந்த நேரம் அவரை விட்டுப் போயிருந்தது. பக்கத்தில் இருந்த இருவரும் நல்லவர்கள். கையைப் பிடித்துக்கொண்டார்கள், தங்கள் மொழியில் ஆறுதல் சொன்னார்கள். அது அவருக்கு எட்டவில்லை.

இரண்டாவது சிகிச்சைக்கு நாளும் நேரமும், Termin, குறித்திருந்தது. வரமாட்டேன் என்றார். வராமல் விட்டால் என்ன ஆகும்? அந்தத் திறந்த வாசலும் வெற்றுக் கதிரைகளுமே அவருக்குள் கடைசிக் காட்சியாக நின்றுவிடும். அந்தக் காட்சியோடு அவரைத் தனியே வீட்டுக்கு அனுப்ப முடியுமா? தலைமை மருத்துவரிடம் போனேன். அந்த அம்மையார் முழுதும் கேட்டார். மதிப்பெண்களை ஒருமுறை பார்த்தார். பிறகு மூன்று மாடிக்காரர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார். ஆராய்ச்சிக்குத் தெரியாததைச் சிகிச்சை கண்டது, சிகிச்சைக்கு விளங்காததை ஆராய்ச்சியின் வாசலில் ஒரு மனிதர் சொன்னார், பயிற்சியில் இதைப்பற்றி ஒரு சொல்கூட இல்லை. இனி எந்த நோயாளியும் படுக்குமுன் அறையை அவரே பார்த்து மாற்றட்டும், வருகிற ஒவ்வொரு பயிற்சியாளரும் இதைக் கற்கட்டும் என்று முடிவானது. மதிப்பெண் போடும் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு நான் மேல்மாடிக்குப் பயிற்சிக்குப் போனேன். கணேசலிங்கம் ஐயாவின் அறையில், தலைமை மருத்துவருக்கும் ஒரு சிகிச்சையாளருக்கும் அடுத்து மூன்றாவது ஆளாக இருக்க எனக்கு அனுமதி கிடைத்தது.

அவர் வந்தார். விளக்கைத் தானே தூக்கி வெளியே வைத்தார். நீலப் போர்வை கேட்டார். படுத்தார். மருந்து ஏறியது. பிறகு கட்டிய கண்ணோடு மெல்லக் கேட்டார்: "ஆரும் வந்திருக்கினமோ?"

அடுக்குமொழி அறிந்தவள் நான், அடுக்கையெல்லாம் விட்டுவிட்டு அவர் காதருகே குனிந்தேன்.

"ஓம் ஐயா, வந்திருக்கிறம்."

"எத்தினை பேர்?"

"மூண்டு பேர் ஐயா."

அவர் அழவில்லை. எத்தனையோ வீடுகளில் நின்று ஒழுங்குசெய்த அதே குரலில், பொறுமையாகச் சொன்னார்.

"மூண்டு பேர் காணாது பிள்ளை. தூக்கிறதுக்கு நாலு பேர் வேணும்."

சபையோரே! அந்த அறையில் ஆராய்ச்சி இருந்தது, சிகிச்சை இருந்தது, பயிற்சி இருந்தது. நாலாவது ஆள் இல்லை. தலைமை மருத்துவர் என்னைப் பார்த்தார். மொழிபெயர்த்துச் சொன்னேன். நாங்கள் மூவரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

குணமாகிவிட்டாரா என்று கேட்பீர்கள். உறங்குகிறார். உண்மையாகவே உறங்குகிறார், இப்போது மரியாதைக்காகச் சொல்வதில்லை. பசியை, கோபத்தை, அம்மாவைப் பற்றிக் கதைக்கிறார். ஆனால் ஒருவரும் கதவைத் தட்டாத ஞாயிற்றுக்கிழமை அப்படியேதான் இருக்கிறது. இன்றைக்கு வாருங்கோ என்று அழைத்தேன். செத்தவீடென்றால் வருவேன், விழாவுக்கு என்ன உடுப்புப் போடுவதென்று தெரியாது என்றார். மருந்தால் செய்யக்கூடியதை மருந்து செய்துவிட்டது. மீதி எந்த மாடியில் கிடைக்கும்? எந்த ஆராய்ச்சி கண்டுபிடிக்கும்? எந்தப் பயிற்சி கற்றுத்தரும்?

பிள்ளைகளே, உங்களில் ஒருவர் இந்தத் துறைக்கு வாருங்கள். எங்கள் மொழியில் அழுகிறவருக்கு எங்கள் மொழியில் பதில் சொல்ல ஆள் வேண்டும். பெரியவர்களே, நீங்கள் படிக்க வேண்டாம், பட்டம் வேண்டாம். கணேசலிங்கம் ஐயா சம்மதித்திருக்கிறார். அவர் வீட்டுக்கு வழி கேட்பவருக்கு நான் சொல்வேன். தூக்குவதற்கு இன்னும் நெடுங்காலம் இருக்கிறது, உறவுகளே! அவர் உயிரோடு இருக்கிறார். கதவைத் தட்டி, உள்ளே போய், அவர் போட்டுத் தரும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வர ஒருவர் வேண்டும். நாலாவது ஆளைத் தேடித்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், பேசக் கற்றுத்தந்த ஆசிரியருக்கும், இப்போது தலைகுனிந்து யோசித்துக்கொண்டிருக்கும் உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி. நான் இறங்கி வாசலில் நிற்கிறேன். வணக்கம்.