நீலப் பட்டை

டீ எவ்வளவு சூடாக வந்தாலும் ஆறட்டும் என்று காத்திருப்பேன். அவசரப்பட்டு நாக்கைச் சுட்டுக்கொண்ட ஞாபகமே இல்லை. நீங்கள் வைத்துவிட்டுப் போன டீயையும் அப்படித்தான் குடித்தேன், ஐயா. வாசலில் நிற்கும் காவலர் அடிக்கடி எட்டிப் பார்த்தார். நான் ஓடிவிடுவேன் என்று நினைத்தாரோ, அழுவேன் என்று நினைத்தாரோ. இரண்டும் என் குணத்தில் இல்லை.

என் குணம் என்ன என்பதில் எனக்கு என்றுமே சந்தேகம் இருந்ததில்லை. மற்றவர்களுக்குத்தான் இருந்தது. அந்தப் பேப்பர் வந்த பிறகு அவர்களுக்கும் தீர்ந்தது.

நான் வேலை பார்க்கும் சலவை ஆலைக்கு ஆஸ்பத்திரித் துணிகள்தான் வரும். படுக்கை விரிப்பு, நோயாளி உடை, ஆபரேஷன் அறைத் துணி. ஆள் உயரத்துக்குத் துவைக்கும் டிரம்கள், முகப்பில் வட்டக் கண்ணாடிக் கதவு. துவைத்து முடித்ததும் விரிப்புகள் முறுக்கிக்கொண்டு வடம் மாதிரி கிடக்கும். கையால் இழுத்தால் தோள்பட்டை போய்விடும். முனை வளைந்த இரும்புக் கம்பியால்தான் இழுப்போம். கொக்கி என்று பெயர்.

அந்தப் புழுக்கத்தில் ஆட்கள் சும்மா சும்மா அடித்துக்கொள்வார்கள். இஸ்திரிப் பிரிவில் ஒருவன் இன்னொருவன் காதைக் கடித்துத் துப்பிய பிறகு, ஆபீஸ் எல்லோருக்கும் ஒரு குணத் தேர்வு வைத்தது. போனில் கேள்வி வரும், பதிலைத் தொட வேண்டும். முடிவைப் பேப்பரில் அடித்துக் கையில் கொடுத்தார்கள், சட்டைக் கையில் நிறப் பட்டையும் தைத்தார்கள். சட்டென்று கொதிப்பவனுக்குச் சிவப்பு. வாய் மூடாதவனுக்கு மஞ்சள். ஒதுங்கி இருப்பவனுக்குச் சாம்பல். சமாதானம் செய்பவனுக்கு நீலம். இரண்டு சிவப்பை ஒரே டிரம்மில் போடக் கூடாது, அதுதான் ஆபீஸின் கணக்கு.

எங்கள் கூடத்தில் நீலம் எனக்கு மட்டும்தான். யாராவது சட்டையைப் பிடித்துக்கொண்டால் "நீலத்தைக் கூப்பிடு" என்பார்கள். நான் போய் நடுவில் நிற்பேன். பேசக்கூட மாட்டேன். முகத்தைப் பார்ப்பேன், கையை எடுத்துவிடுவார்கள். ஏன் என்று யோசித்ததில்லை. குணம் இருந்தால் அது தானாகவே வேலை செய்யும்.

தேர்வை நானேதான் எழுதினேனா என்று கேட்டீர்கள். முதல் பக்கத்தை நான் போட்டேன். அதற்குள் என் டிரம் மணி அடித்தது. பக்கத்தில் நின்ற ரேடியோவிடம் போனைக் கொடுத்துவிட்டுப் போனேன். ரேடியோ என்பது என் கூட்டாளி. தூக்கத்திலும் பேசுவான், அதனால் அந்தப் பெயர். நான் திரும்பி வந்தபோது திரையில் "நன்றி" என்று இருந்தது. மீதியை யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. முடிவு சரியாக இருக்கும்போது கேட்க என்ன இருக்கிறது?

அந்தப் பேப்பரை என்னோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தவன் நான். சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. "கருத்து வேறுபாடு வந்தால் விலகிச் செல்வார்" என்று இருந்தது. உண்மை. என் மனைவியோடு எது நடந்தாலும், நடந்து முடிந்ததும் நான் வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்துவிடுவேன். அவள் அழுது முடிக்கும்வரை உள்ளே வர மாட்டேன். "பிறர் வலியை உடனே உணர்வார்." அதுவும் உண்மை. அவள் கேட்பதற்கு முன்பே ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி எடுத்து வருவேன். விரல் வீங்குவதற்குள் மோதிரத்தைக் கழற்ற வேண்டும் என்று அவளுக்கே நான்தான் சொல்லிக் கொடுத்தேன். "குரலை உயர்த்த மாட்டார்." எங்கள் பக்கத்து வீட்டாரைக் கேளுங்கள். எங்கள் வீட்டிலிருந்து ஒரு சத்தம் கேட்டதாக ஒருவர்கூடச் சொல்ல மாட்டார். அவளையும் அப்படிப் பழக்கியிருந்தேன்.

பேப்பர் வந்த சமயத்தில் அவள் தன் அண்ணன் வீட்டில் இருந்தாள். மணிக்கட்டில் கட்டோடு போனவள், போனை எடுக்கவே இல்லை. நான் பேப்பரைக் கொண்டுபோய் மச்சான் கையில் கொடுத்தேன். அவர் லாரி டிரைவர், நிதானமாகப் படிப்பவர். இரண்டு தடவை படித்தார்.

"கம்பெனிக்காரன் செலவு பண்ணிப் பார்த்திருக்கான்மா. சும்மா எழுதித் தர மாட்டான்" என்றார்.

அவள் கதவோரம் நின்றபடி, "பேப்பர் சொல்லுது. நீங்க என்ன சொல்றீங்க?" என்று என்னைக் கேட்டாள்.

"நான் சொன்னா நம்புவியா?"

கட்டுப் போட்ட கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அதுக்குத்தான் பேப்பர்" என்றேன்.

மச்சான் சிரித்துவிட்டார். "மாப்பிள்ளை, இன்னொரு தடவை இவ இங்க வந்தா, அப்புறம் அனுப்ப மாட்டேன். பேப்பர் என்ன, பத்திரமே கொண்டாந்தாலும் சரி" என்றார். சரி என்றேன். அவள் வந்தாள். அந்தப் பேப்பரைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கட்டிலுக்கு எதிரே மாட்டினேன். நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். அவள் கொஞ்சம் எடைகூடப் போட்டாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ரேடியோவைச் சாப்பிட அழைத்தேன். தனியாக இருப்பவன், வீட்டுச் சாப்பாடு என்றால் உயிரை விடுவான். மூன்றாவது தடவை குழம்பு வாங்கிக்கொண்டு, சுவரில் இருந்த சட்டத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"அண்ணி, நியாயமா அதுல என் பேருதான் இருக்கணும். எவ்வளவு கேள்வி தெரியுமா? கட்டைவிரல் தேஞ்சு போச்சு."

"எதுக்கு உங்க விரல் தேயணும்?" என்றாள் என் மனைவி.

"அண்ணன் டிரம்முக்கு ஓடிட்டாரே. கோபம் வந்தா பொருளை உடைப்பீங்களான்னு கேட்டான். ஒருபோதும் இல்லைன்னு போட்டேன். யாரையாவது அடிச்சிருக்கீங்களான்னு கேட்டான். போடா வேலையத்தவனேன்னு அதுக்கும் இல்லைன்னு போட்டேன். இல்லேன்னா அண்ணனுக்குச் சிவப்புப் பட்டைதான். பார்க்கச் சகிக்காது."

நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனாள். தண்ணீர் வரவில்லை.

அன்றைக்கு நான் அவளிடம் ஒன்றுமே கேட்கவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை ரேடியோவுக்கும் எனக்கும் ரத்தத் துணி அறையில் வேலை. மற்ற துணியோடு கலக்கக் கூடாது என்று அதைத் தனியாக வைத்திருக்கிறார்கள். கனத்த கதவு, இரண்டு ஆட்கள், ஒரே டிரம். வாயே திறக்காமல் அவன் துணி பிரித்துக்கொண்டிருந்தான். ரேடியோ அமைதியாக இருந்தால் யாருக்குமே சந்தேகம் வரும்.

"அவகிட்ட, விளையாட்டுக்குச் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு" என்றேன்.

"அண்ணி காலையில போன் பண்ணாங்கண்ணே."

"ம்."

"எல்லாம் நான்தான் போட்டேனான்னு சத்தியமா சொல்லச் சொன்னாங்க. சொல்லிட்டேன். அப்புறம் அவங்க சொன்னாங்க." கையில் இருந்த துணியைக் கீழே வைத்தான். "அந்த மணிக்கட்டு, கீழ விழுந்ததுன்னுதானே என்கிட்ட சொன்னீங்க?"

"விழுந்ததுதான்."

"அண்ணே, நான் தெரியாம பண்ணிட்டேன். ஒரு பொய்யில அவங்களைத் திரும்பக் கொண்டாந்து விட்டுட்டேன். இன்னைக்கே கிளம்பச் சொல்லியிருக்கேன். ஆபீஸ்லயும் சொல்லிடறேன். நீங்க மறுபடி எழுதுங்க. நீங்களே உக்காந்து எழுதுங்க."

மறுபடி எழுதுவதில் எனக்குப் பயம் இல்லை. அதே விடைதான் வரும். ஆனால் மறுபடி எழுதச் சொன்னார்கள் என்று வெளியே தெரிந்தாலே போதும், ஒரு மனிதனின் பெயர் கெட்டுவிடும். அவள் தன் அண்ணன் வீட்டு வாசலை மிதித்துவிட்டால் திரும்ப மாட்டாள். இதையெல்லாம் யோசித்துத்தான் கொக்கியை எடுத்தேன். கோபத்தில் எடுக்கவில்லை. கோபக்காரன் கண்ட இடத்தில் அடிப்பான். நான் காதுக்குப் பின்னால் அடித்தேன், பிறகு முழங்காலில், அவன் கதவுப் பக்கம் திரும்பியதால். விழுந்த பிறகு முதுகில் சில அடி. எண்ணவில்லை. "அண்ணே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். அவ்வளவு பேசுகிறவனுக்கு வேறு வார்த்தை வரவில்லை.

அவனைத் தூக்கி டிரம்மில் போட்டேன். இளைத்த உடம்பு, நனைந்த விரிப்பைவிட இலேசு. கதவை மூடும்போது உள்ளிருந்து கண்ணாடியில் கையை வைத்தான். உயிர் இருந்ததா என்று நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். இருந்தது. குளிர்ந்த நீருக்கு முள்ளைத் திருப்பினேன். ரத்தம் பட்டதை வெந்நீரில் போட்டால் கறை நின்றுவிடும். எங்கள் வேலையில் முதலில் சொல்லித் தருவதே அதுதான். சோப்பும் போட்டேன். டிரம் நின்று மணி அடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன். வேலையைப் பாதியில் விட்டுப்போகிற பழக்கம் எனக்கில்லை.

மேற்பார்வையாளரிடம் தலைவலி என்றேன். "நீலத்துக்கே தலைவலியா" என்று சிரித்துக்கொண்டே அனுப்பினார். பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போனேன். ஒரு பெரியவருக்கு எழுந்து இடம் கொடுத்தேன்.

அவள் பையோடு கூடத்தில் நின்றாள். என் சட்டைக் கை ஓரத்தில் இருந்த கறையைப் பார்த்தாள், ஓடவில்லை. ரேடியோ இனி எதுவும் சொல்ல மாட்டான் என்று எடுத்துச் சொன்னேன். பேப்பர் சொன்னது சொன்னதுதான் என்றேன். சுவரிலிருந்து சட்டத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்து, ஒவ்வொரு வரியாகப் படி, எது பொய் என்று நீயே சொல் என்றேன். முதல் வரியிலேயே, "எல்லாம் பொய்" என்றாள். சத்தமாகச் சொன்னாள். ஜன்னல் திறந்திருந்தது, ஐயா. அந்தச் சட்டத்தாலேயே அவள் வாயில் அடித்தேன். கண்ணாடி உடைந்த பிறகு மரத்தால். அவள் பேசாமல் ஆனதும் நிறுத்திவிட்டேன். ஐஸ் வைத்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் நான்தான், அதுவும் உங்கள் பதிவில் இருக்கும். அது வரும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன்.

ரேடியோவைக் கொன்றது நான். அவள் தாடையை உடைத்ததும் நான். இதில் மறைக்க ஒன்றும் இல்லை, எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் உங்கள் அறிக்கையில் "கொடூர குணம் உடையவர்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். என்னோடு குடும்பம் நடத்தியவள் உயிரோடு இருக்கிறாள், அவளைக் கேட்காமல் எப்படி எழுதலாம்? தாடைக்குக் கம்பி போட்டிருப்பதால் பேச வராது, தலையசைக்க முடியும் என்று டாக்டர் சொன்னாராம். என்னை அங்கே கூட்டிப்போங்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். நீங்கள் கேள்வியைக் கேளுங்கள். நான் பக்கத்தில் இருந்தால் அவள் சரியாகத்தான் பதில் சொல்வாள்.