டீச்சரம்மாவின் கனிவான கவனத்திற்கு

லாரி வர இன்னும் நேரமிருக்கிறது. கிடங்கில் மூட்டைக்கு ஒருவராகச் சாய்ந்து கிடக்கிறோம், தூக்கமும் வராது. டீ வந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள். கொதிக்கக் கொதிக்கத்தான் இருக்கும். ஆனால் ஒன்று... யாரும் ஊதிக் குடிக்காதீர்கள். தானாக ஆறட்டும். ஏன் என்று இப்போது கேட்க வேண்டாம்.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

பகல் இரண்டு மணி. வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். ஊருக்கு வெளியே போகும் நீளமான சாலை. முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி இல்லை, ஒரு நாய்கூட இல்லை. பேய் என்றால் நடுராத்திரிதான் வரும் என்று சொல்கிறவன் பேயோடு பேரம் பேசியதே இல்லை. அதற்குக் கடை திறக்கும் நேரம், மூடும் நேரம் எல்லாம் கிடையாது.

அந்தச் சாலையில் ஒருவன் மொபெட்டில் போய்க்கொண்டிருந்தான். பெயின்ட் கடை வைத்திருக்கும் என் சிநேகிதனுக்குத் தங்கை புருஷன். வீட்டு விளக்கு, விசிறி, கதவு, அடுப்பு எல்லாவற்றையும் ஒரு பெட்டியோடு இணைத்து, அந்தப் பெட்டியைப் பேச வைப்பது அவன் தொழில். தோளில் எப்போதும் ஒரு சுருள் ஒயர். அதனால் ஒயர்த்தம்பி. இந்தப் பெயரை வைத்தது யார் என்பதுதான் கதையே.

போகிற வழியில் அவனுக்கு டீசல் வாசனை அடித்தது. பழைய பஸ் கிளம்பும்போது குமட்டுமே, அந்தப் புகை. திரும்பிப் பார்த்தான்... வெறும் சாலை.

அவன் போய்ச் சேர்ந்தது ஒரு டீச்சரம்மா வீட்டுக்கு. ஓய்வு பெற்றவர். கண் பார்வை முழுக்கப் போய்விட்டது, தனியாக இருந்தார். அவருடைய கணவர் பஸ் நிலையத்தில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்தவர். என்ன குரல் தெரியுமா? வெண்கலப் பாத்திரத்தைத் தட்டியது போல இருக்கும். மனைவிக்குப் பார்வை மங்கத் தொடங்கியதும் அவர்தான் ஒயர்த்தம்பியைக் கூப்பிட்டார். வீடு பேச வேண்டும், அதுவும் தன் குரலில் பேச வேண்டும் என்றார். நாள்கணக்கில் உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாகப் படித்துக் கொடுத்தார். மென்பொருள் அந்தக் குரலைக் கற்றுக்கொண்டது. அதன் பிறகு எந்த எழுத்தை அனுப்பினாலும் அவர் குரலில் படித்துச் சொல்லும்.

அதில் ஒரு சங்கடம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அவர் மைக்கை ஒரு ஊது ஊதுவார். ஃபூ... அத்தனை வருட வேலையின் பழக்கம். பதிவிலிருந்து அந்த ஊதலையெல்லாம் ஒயர்த்தம்பி ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்தான், கீரையில் வேரைக் கிள்ளுகிற மாதிரி. சுத்தமான சரக்குதான் அவனுக்கு வேண்டும். அவனுக்கு அந்தப் பெயரை வைத்த கிழவர் சிரித்தாராம். "ஊதாம சொன்னா எவன்டா வண்டியை எடுப்பான், ஒயர்த்தம்பி? நான் ஊதி, சொல்லி, கடைசி வார்த்தையை முடிக்கணும். அது வரைக்கும் ஒரு டிரைவரும் கியர் போட மாட்டான்." உண்மையும் அதுதான். பஸ் நிலையத்தில் அது எழுதாத சட்டம். அறிவிப்பு முடியாமல் வண்டி நகராது.

வேலை முடிந்த கொஞ்ச நாளில் அவர் போய்ச் சேர்ந்தார். குரல் மட்டும் வீட்டில் இருந்தது. "டீச்சரம்மாவின் கனிவான கவனத்திற்கு, அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது." "டீச்சரம்மாவின் கனிவான கவனத்திற்கு, வாசல் கதவு திறந்திருக்கிறது." உயிரோடு இருந்தபோதும் அவர் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார், கேலிக்கு. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே அந்த அம்மா நடந்தார், சமைத்தார், தூங்கினார்.

கெட்டது ஒரு புதுப் பெட்டியால். வெளியூரில் இருந்த மகன் அம்மாவின் பாதுகாப்புக்கென்று வாங்கி அனுப்பிய கருவி. அதற்கு ஒரு பெண் குரல், அதற்கென்று தனி மென்பொருள். வீட்டில் ஸ்பீக்கர் ஒன்று, பேச வாய் இரண்டு. ஒரே வாடிக்கையாளரை இரண்டு கடைக்காரர்கள் ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்து இழுத்தால் சட்டை என்ன ஆகும்? அடுப்பு எரிகிறது என்று கிழவர் தொடங்கினால் நடுவில் அவள் புகுந்துவிடுவாள், "வீட்டில் அனைத்தும் இயல்பாக உள்ளன" என்று. போன வாரம் அந்த அம்மா எரிகிற அடுப்பிலேயே கையை வைத்துவிட்டார்.

மகன் முடிவு செய்துவிட்டான். அன்று மாலை காரில் வருகிறான். வீடு ஒழுங்காகப் பேசினால் அம்மா இங்கே இருக்கலாம். இல்லையென்றால் முதியோர் இல்லம், இடம்கூடப் பார்த்தாயிற்று. நடுவில் வேறு பேச்சு கிடையாது.

டீச்சரம்மா கையில் கட்டோடு வாசலிலேயே நின்றிருந்தார். மொபெட் சத்தத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்து, அவன் மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இந்த வீட்டை விட்டு நான் போனா அவர் குரலை எங்க போய்க் கேப்பேன்? எதை வேணா கழட்டு. அவரை மட்டும் கழட்டிடாதே."

அப்புறம் குரலைத் தாழ்த்தி இன்னொன்றையும் சொன்னார். கொஞ்ச நாளாக அவர் புதிதாக ஒன்றைச் சொல்ல வருகிறார். தங்களுக்காக... என்று தொடங்குவார். அதற்குள் அவள் வெட்டிவிடுகிறாள். தினமும் அதே இடத்தில்.

"என்ன சொல்ல வர்றார்னு ஒரு தடவை முழுசா கேட்டுட்டா போதும்ப்பா. அந்தப் பொண்ணு சொல்லவே விட மாட்டேங்கிறா."

ஒயர்த்தம்பி அதை அப்போது பெரிதாக எடுக்கவில்லை. வேலையில் இறங்கினான். முதலில் வரிசை வைத்தான். கிழவர் பேசி முடித்தால்தான் அவள் பேசலாம். ஒரு தடவை கேட்டது, அடுத்த தடவை இரண்டும் சேர்ந்து ஊளையிட்டன. எல்லாவற்றையும் அணைத்துத் திரும்ப ஏற்றினான். அப்போதும் ஊளை. புதுக் குரலை நீக்கினான்... பெட்டி அதைத் தானாகவே திரும்ப இறக்கிக்கொண்டது. மறுபடி நீக்கினான், மறுபடி வந்தது. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. வெயில் சாயச் சாய அந்த அம்மா நாற்காலியை அவனுக்குப் பக்கத்தில் நகர்த்தி நகர்த்தி வந்தார். அவன் லேப்டாப் விசையைத் தட்டும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவனுக்கே அது காதில் விழுந்தது.

ஃபூ...

"டீச்சரம்மாவின் கனிவான கவனத்திற்கு. தங்களுக்காக..."

"வீட்டில் அனைத்தும் இயல்பாக உள்ளன."

அவன் கை அப்படியே நின்றது. ஊதல் எப்படி வந்தது? ஒன்றுகூட விடாமல் கிள்ளியவன் அவன். சரி, எங்கோ ஒன்று தப்பியிருக்கும் என்று தனக்குத் தானே விலை சொல்லிக்கொண்டான். யார் அனுப்பிய வாக்கியம் என்று திரையைப் பார்த்தான். எழுத்து அனுப்பினால்தானே இந்தக் குரல் படிக்கும்? திரையில் எழுத்தே இல்லை.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள். அவனும் எழுந்தான். ஆனால் மகன் போன் செய்தான், பாதி வழி வந்துவிட்டதாக. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தான். உட்கார்ந்துவிட்டான்.

புதுப் பெட்டியின் இணையத் தொடர்பைப் பிடுங்கினான். அதன் மென்பொருளை வேரோடு அழித்தான். பெட்டியையே சுவரிலிருந்து கழற்றித் தரையில் கவிழ்த்தான். பிறகு அடுப்பைத் திருகினான்.

"டீச்சரம்மாவின் கனிவான கவனத்திற்கு, அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது."

கதவைத் திறந்தான். குழாயைத் திருப்பினான். ஒவ்வொன்றுக்கும் கிழவரின் குரல், வெட்டு இல்லாமல், வெண்கலம் போல. அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், நடுவில் சிரித்தார். மகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்தார்கள். அவன் முழுவதும் கேட்டான். பிறகு, சரிம்மா, நீ இங்கேயே இரு, பார்த்துவிட்டு மட்டும் போகிறேன் என்றான்.

பேரம் படிந்துவிட்டது. ஒயர்த்தம்பி ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான். வீடு அமைதியாக இருந்தது. ஃபிரிட்ஜ்கூட முனகவில்லை.

டீசல் வாசனை... கூடத்துக்குள்.

ஃபூ...

"டீச்சரம்மாவின் கனிவான கவனத்திற்கு. தங்களுக்காக நெடுநேரம் காத்திருக்கும் வண்டி..."

அந்த ஒரு நொடியில்தான் அவனுக்கு உறைத்தது. அறிவிப்பு முடியாமல் வண்டி நகராது. இத்தனை நாளாக வெட்டி வெட்டி முடிக்க விடாமல் இருந்தது யார்? அவளை வேரோடு பிடுங்கியது யார்?

பாய்ந்து ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினான். குரல் நிற்கவில்லை. புதுப் பெட்டியைப் பொறுக்கி எடுத்துச் சுவரில் மாட்டினான், ஸ்பீக்கர் ஒயரையும் இணையத்தையும் சொருகினான். மென்பொருள் இறங்கத் தொடங்கியது... திரையில் அந்தக் கோடு நத்தை மாதிரி ஊர்ந்தது. சத்தம் போட்டுக் கத்தினான், நடுவில் புகுந்து கெடுக்க. அந்த அம்மா கட்டுப் போட்ட கையால் அவன் வாயைப் பொத்தினார்.

"ஷ்... முடிக்கட்டும் தம்பி."

குரல் அவசரமே படவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் உருட்டி உருட்டிச் சொன்னது.

"...இப்போது... புறப்படுகிறது."

விசில் சத்தம். இரண்டு தடவை. பிறகு தூரத்தில் கியர் விழும் சத்தம்.

அவன் வாயை மூடியிருந்த கை மெதுவாகக் கீழே இறங்கியது. அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கைப்பை மடியில் இருந்தது, செருப்பு காலில் இருந்தது. அவர் எழுந்து போனதையோ, செருப்பு மாட்டியதையோ அவன் பார்க்கவே இல்லை. திரையில் கோடு முழுதாகிவிட்டது. பெண் குரல் சொன்னது: "வீட்டில் அனைத்தும் இயல்பாக உள்ளன."

மகன் வந்தான், டாக்டரும் வந்தார். மாரடைப்பில் உயிர் போயிருக்கிறது என்றார்கள். ஒயர்த்தம்பி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். நடந்ததைச் சொன்னால் யார் வாங்குவார்கள் அந்தச் சரக்கை?

வீட்டுக்கு வந்தான். கைகால் கழுவினான், பாயில் சாய்ந்தான். அவன் வீட்டிலும் ஒரு ஸ்பீக்கர் உண்டு, அலமாரி மேல்.

ஃபூ...

"ஒயர்த்தம்பியின் கனிவான கவனத்திற்கு. தங்களுக்காக..."

ஒரே தாவலில் டிவியைப் போட்டான். முழுச் சத்தத்தில்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் டிவி அணைவதே இல்லை. ரேடியோ ஒரு பக்கம் அலறும். ஸ்பீக்கரைக் கிணற்றில் போட்டான், பிரயோசனமில்லை. அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வருகிறார்கள். தொழிலையும் விட்டுவிட்டான். என் சிநேகிதன் தங்கையைப் பார்க்கப் போனால் கத்திக் கத்திப் பேசிவிட்டுத் தொண்டை கட்டித் திரும்புகிறான். மாப்பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் அவனும் நினைத்தான்... போன மாதம் வரை.

போன மாதம் ஒரு ராத்திரி கரண்ட் போனது. டிவி நின்றது. ரேடியோ நின்றது. இருட்டில் ஒயர்த்தம்பி ஒரு தட்டை எடுத்துக் கரண்டியால் அடிக்க ஆரம்பித்தானாம். அடித்தான், பாடினான், கத்தினான். எவ்வளவு நேரம்தான் ஒரு மனுஷன் கத்துவான்? ஒரு கட்டத்தில் மூச்சு வாங்க நிறுத்தினான்.

அந்தத் தங்கைக்கும் அன்றைக்குக் கேட்டது. ஊதல் கேட்டது. அதன் பின்னால் குரலும் கேட்டது.

புருஷன் கையிலிருந்து தட்டை வாங்கினாள், அடிக்கத் தொடங்கினாள். இப்போது இருவரும் முறை வைத்துத்தான் தூங்குகிறார்கள். எதுவரைக்கும் கேட்டாய் என்று என் சிநேகிதன் கேட்டிருக்கிறான். அவள் தட்டுவதை நிறுத்தாமல் சொன்னாளாம்:

"வண்டிங்கிற வரைக்கும் வந்துடுச்சுண்ணே."

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். சிநேகிதனாக இன்னும் போன் செய்யவில்லை, நானாக...

யாரது ஊதினது?

விளையாடாதீர்கள். சொல்லித்தானே வைத்தேன், ஊதிக் குடிக்க வேண்டாமென்று. நீயா? நீயா?

...டம்ளர் எல்லாம் காலியாக இருக்கிறதே.

யாராவது எதையாவது பேசுங்கள். சும்மா இருக்காதீர்கள்... பேசுங்கள்.