எட்டுகிற உயரத்தில் ஒரு தாழ்ப்பாள்

— இது என்னடா, தாழ்ப்பாளை இடுப்புக்குக் கீழ போட்டு வெச்சிருக்க?

— அளந்துதான்க்கா போட்டேன்.

— எதை அளந்த, பூனையையா?

— கதவைச் சாத்திப் பாரு. சத்தம் வருதா சொல்லு. மூணு நாள் இழைச்சிருக்கேன்.

— பேச்சை மாத்தாத. மத்த ரூமுக்கெல்லாம் தலைக்கு மேல இருக்கு. சின்னவன் ரூமுக்கு மட்டும் ஏன் இப்படி? எட்டு வயசுப் பையன். கோவம் வந்தா உள்ள போய்ப் பூட்டிக்கிட்டு உக்காந்துருவான். நான் வெளிய நின்னு கெஞ்சிக்கிட்டு இருக்கணுமா?

— பூட்டிக்கட்டும். கோவம் போனா தெறப்பான்.

— அக்கா வீட்டு வேலைன்னா இளக்காரம் உனக்கு. நான் லேப்ல ரத்தம் எடுக்குறப்ப நரம்பை விட்டுட்டு நகத்துல ஊசி குத்தினா சும்மா விடுவாங்களா?

— எல்லா வீட்டுலயும் இப்படித்தான் போடுறேன். பசங்க ரூம்னா மூணடி. அதுக்கு மேல போக மாட்டேன்.

— ஆளுங்க ஒண்ணும் சொல்றதில்லையா?

— சொல்லாம என்ன? போன மாசம் ஒரு ஹாஸ்டல்ல பதினோரு கதவு. வார்டன் வந்து பாத்தாரு, அத்தனையும் கழட்டி மேல போடுன்னுட்டாரு. பழைய ஓட்டையில எல்லாம் மரத்தூளும் பசையும் வெச்சு அடைச்சு, தேய்ச்சு, ரெண்டு நாள் தண்டமாப் போச்சு.

— அப்புறமும் புத்தி வரல.

— வரல.

— சரி, எனக்கும் கழட்டி மேல போட்டுக் குடு. சாயங்காலம் நம்ம மாமா ஊர்லேருந்து வந்துருவாரு. முட்டி தேஞ்ச மனுஷன், குனிஞ்சு குனிஞ்சு தாழ்ப்பாள் போட முடியுமா அவரால?

— மாமா எதுக்கு இந்த ரூமுக்குத் தாழ்ப்பாள் போடணும்?

— அவர் கட்டிலும் இங்கதானே போடப் போறோம்.

— முன் ரூம்னு சொன்ன.

— முன் ரூம்ல இருந்து பாத்ரூம் தூரம்டா. ராத்திரி எழுந்து தடுமாறி விழுந்தா யாரு பாக்குறது? இங்கன்னா சின்னவன் இருப்பான், ஒரு குரல் குடுத்தா போதும். பையன்தானே, ஒரே ரூம்ல இருந்தா என்ன. பொண்ணா இருந்தா வேற.

— முன் ரூம்னுதான்க்கா என்கிட்ட சொன்ன.

— இப்ப மாத்திட்டேன். அதுக்கு ஏன் உன் மூஞ்சி இப்படிப் போகுது? கட்டிலைத் தூக்குறதுக்கு ஆள் இல்லைன்னா அத்தான் வந்து ஒரு கை பிடிப்பாரு.

— மாமா இங்க வர வேண்டாம்.

— என்னது?

— இந்த ரூமுக்கும் வேண்டாம், இந்த வீட்டுக்கும் வேண்டாம்.

— அட, நல்லா இருக்கே. அத்தை செத்து ஆறு மாசம் ஆச்சு. தனியா விழுந்து கெடந்து பக்கத்து வீட்டுக்காரங்க தூக்கியிருக்காங்க. நாம பாக்கலன்னா யாரு பாப்பா? அப்பா விட்டுட்டுப் போன அன்னைக்கு நம்ம வீட்டுல வந்து நின்னது அவரு ஒருத்தர்தான். சொந்தத்துல எவன் எட்டிப் பாத்தான், சொல்லு பாப்போம்.

— தெரியும்.

— தெரியும்ல. அப்புறம் என்ன? உனக்கும் அவருக்கும் ஏதாவது சண்டையா? உன் கல்யாணத்துல பக்கத்துல நின்னு சிரிச்சுப் போட்டோ எடுத்துக்கிட்டீங்களே.

— அந்த போட்டோவை நான் வீட்டுல மாட்டல. நீ கவனிச்சிருக்க மாட்ட.

— டேய், எதா இருந்தாலும் வாயைத் தெறந்து சொல்லு. சின்னவன் ஸ்கூல் விட இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு. நான் போய்க் கூட்டிட்டு வரணும்.

— நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ.

— எதுக்கு?

— என்னைப் பாக்காத. பாத்தா எனக்கு வராது.

— சரி. ஜன்னலைப் பாக்குறேன். சொல்லு.

— எனக்கு ஏழு வயசு. மாமா நம்ம கூட இருந்த அந்த ரெண்டு வருஷம். அம்மா நைட் ஷிஃப்டுக்குப் போயிரும். நீ சின்ன ரூம்ல படுப்ப, நான் பெரிய ரூம்ல, அவரு கூடத்துல.

— ம்.

— மொதல்ல ஒரு டார்ச் லைட் வாங்கிக் குடுத்தாரு. இருட்டுல பயப்படாம இருன்னு. எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. போர்வைக்குள்ள அடிச்சு அடிச்சுப் பாப்பேன்.

— ஞாபகம் இருக்கு. செவப்பு டார்ச்.

— அதைக் காட்டித் தரேன்னு வந்து பக்கத்துல படுத்தாரு. தொட்டாரு.

— மாமாதானேடா, சின்னப் புள்ளைய...

— அக்கா, அந்த மாதிரித் தொடல. அதுக்கு மேல கேக்காத. சொல்ல வாய் வரல. எனக்குப் பேரு தெரியாத வயசுல நடந்தது. பேரு தெரிஞ்ச வயசுல சொல்லக் கூச்சமாயிருச்சு. யாருகிட்டயும் சொல்லாத, அம்மா அழுதுரும்னாரு. நானும் சொல்லல.

— நீ பையன்டா.

— ஆமா, பையன்தான். நம்பலையா?

— நம்பலைன்னு சொல்லல. நீ பையனாச்சேன்னுதான்...

— அதனாலதான் முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன். பையன் சொன்னா சிரிப்பாங்க. ஏன் உதைக்கலை, ஏன் கத்தலைன்னு கேப்பாங்க. நானே என்னைக் கேட்டுக்கிட்டு இருக்கேன். உளி பிடிச்சுக் கை கருங்கல் மாதிரி ஆயிருச்சு. இன்னைக்கும் அவரு வந்து என் தோள்ல கை போட்டா ஏழு வயசு ஆயிடுறேன். அசிங்கமா இருக்குக்கா. பண்ணினது அவரு, கூசிக் குறுகி நிக்கிறது நான்.

— அம்மாவுக்குத் தெரியுமா?

— தெரியாமலே போய்ச் சேந்துருச்சு. நல்லதுதான்.

— உன் வீட்டுக்காரிக்கு?

— அவளுக்கும் தெரியாது. இந்தத் தாழ்ப்பாளைப் பாத்துட்டு நீதான் மொதல்ல ஏன்னு கேட்ட.

— தாழ்ப்பாளா?

— நம்ம பழைய வீட்டுக் கதவு உனக்கு ஞாபகம் இருக்கா? தாழ்ப்பாள் எல்லாம் உச்சியில இருக்கும். எனக்கு எட்டாது. ஒரு நாள் யோசிச்சு, அடுப்பங்கரையில கெடந்த ஸ்டூலைத் தூக்கிட்டு வந்தேன். ஏறி நின்னா நுனி விரல்ல எட்டுச்சு. அன்னைக்கு அவரு வந்து கதவைத் தள்ளிப் பாத்துட்டுப் போயிட்டாரு. நான் உள்ள உக்காந்து சிரிச்சேன். ஒரு மாசம் அப்படியே போச்சு. தெனமும் சாப்பிட்டதும் ஸ்டூலைத் தூக்கிட்டு வந்துருவேன். என் வாழ்க்கையிலயே நல்ல மாசம் அது.

— அப்புறம்?

— அப்புறம் ஒரு நாள் பாத்தா ஸ்டூல் இல்ல. அடுப்பங்கரையில இல்ல, கூடத்துல இல்ல. காலையில எழுந்து பாத்தா பழைய எடத்துலயே இருக்கு. மறுநாள் சாயங்காலம் மறுபடியும் காணோம். தெனமும் அப்படித்தான். அவரு கண்டுபிடிச்சு ஒளிச்சு வெச்சுட்டாருன்னு புரிஞ்சுது. அதுக்கப்புறம் நான் தேடுறதை விட்டுட்டேன்.

— எத்தனை நாள்?

— அவரு வேலை மாறிப் போற வரைக்கும். ஒரு வருஷம் இருக்கும். ஏன்க்கா உக்காந்துட்ட? தரையெல்லாம் மரத்தூள்.

— இருக்கட்டும்.

— இன்னொண்ணையும் சொல்லிடுறேன். மாமா வர்றாருன்னு ஒரு மாசம் முன்னாடியே சொல்லிட்ட. அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும். சொல்லல. தாழ்ப்பாளைக் கீழ போட்டு விட்டா போதும், சின்னவன் பூட்டிக்குவான், நான் வாயைத் தெறக்க வேண்டாம்னு நெனச்சேன். என் மானத்தைக் காப்பாத்திக்க உன் புள்ளைய ஒரு கால்முழ இரும்பை நம்பி விடப் பாத்தேன். இதுக்கு நீ என்னை அடிச்சாலும் தகும்.

— என் போனை எடுத்துக் குடு.

— எதுக்கு?

— குடுடா. மாமா நம்பரை நீயே போட்டுக் குடு. நீயும் கேக்குற மாதிரி ஸ்பீக்கர்ல போடு.

— அக்கா, உனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லு, ரூம் முடியலைன்னு சொல்லு. என் பேரை எடுக்காத.

— எடுக்க மாட்டேன். போடு.

— சொல்லும்மா கண்ணு. மாமா கெளம்பிக்கிட்டே இருக்கேன். பொட்டியெல்லாம் கட்டியாச்சு, வண்டிக்காரன் நாலு மணிக்கு வரேன்னிருக்கான்.

— மாமா, நீங்க வர வேண்டாம்.

— ஏன்மா, கதவு வேலை இன்னும் முடியலையா? நம்ம தச்சர் சோம்பேறியாச்சே. பரவாயில்ல, கதவு இல்லாட்டியும் நான் படுத்துக்குவேன்.

— கதவு முடிஞ்சிருச்சு. நல்லா முடிஞ்சிருக்கு.

— அப்புறம் என்ன கண்ணு? சின்னவன் காத்துக்கிட்டு இருப்பான். அவனுக்குன்னு ஒரு டார்ச் லைட் வேற வாங்கி வெச்சிருக்கேன்.

— ...

— கேக்குதா? லைன் இருக்கா?

— கேட்டுச்சு மாமா. ரெண்டு பேரும்தான் கேட்டோம். இன்னைக்கும் வராதீங்க, என்னைக்கும் வராதீங்க. உங்களைப் பாத்துக்க ஒரு நர்ஸம்மாவை ஏற்பாடு பண்றேன். என் புள்ளை இருக்குற வீட்டு வாசல்ல நீங்க நிக்கக் கூடாது. சொந்தத்துல புள்ளைங்க இருக்குற ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போய்ச் சொல்லப் போறேன்.

— யாரு உன்கிட்ட என்ன சொன்னா? என்னம்மா சொன்னான் அவன்?

— நான் யார் பேரையும் எடுக்கலையே மாமா. வெச்சுடுறேன்.

— அக்கா.

— கட் பண்ணிட்டேன். மறுபடி அடிப்பாரு, எடுக்காத.

— நானும் உக்காந்துக்கிறேன்.

— வா, வந்து பக்கத்துல உக்காரு. என் பொடவையும் மரத்தூள்தான், பாத்துக்கலாம்.

— நீ இப்படி ஒரே போடா போடுவன்னு நான் நெனைக்கவே இல்ல. எத்தனை ராத்திரி மனசுக்குள்ள உன்கிட்ட சொல்லிப் பாத்திருக்கேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் நீ நம்ப மாட்ட. வளத்த மனுஷனைப் பத்தி இப்படிப் பேசுறியேன்னு என்னை வெளிய போகச் சொல்லுவ. நெசத்துல, நீ பையன்டான்னதுக்கு மேல ஒரு வார்த்தை திருப்பிக் கேக்கல நீ. எப்படிக்கா நம்பின?

— அந்த ஸ்டூலை மாமா ஒளிச்சு வெக்கலடா.

— பின்ன? தெனமும் காணாமப் போகுமே.

— போகும். நான்தான் எடுத்தேன்.

— நீயா? நீ எதுக்கு?

— நீ ஏறி நின்னு தாழ்ப்பாள் போடுறதை ஒரு நாள் பாத்தேன். விளையாடுறன்னு நெனச்சேன். பையனுக்கு என்ன பயம்னு நெனச்சேன். உன்னைப் பாத்துத்தான் எனக்கே அந்த யோசனை வந்துச்சு. சாயங்காலமே எடுத்து என் கட்டிலுக்கு அடியில வெச்சுக்குவேன், விடியறதுக்கு முன்னாடி திரும்ப வெச்சுருவேன்.

— என்ன யோசனை? எனக்குப் புரியலக்கா.

— என் ரூம் கதவுலயும் தாழ்ப்பாள் உச்சியிலதானேடா இருந்துச்சு.