சீமை மாதுளைக்கு வைத்த ஐஸ்

சீமை மாதுளை குளிர்ந்த மலையில் வளரும் மரம், நெய்வேலி வெயில் ஆகாது, இன்ஸ்பெக்டர் ஐயா. ஆனால் என் மனைவி கண்ணகி கோத்தகிரியில் பிறந்தவள். கல்யாணமாகி வந்தபோது மண்ணெண்ணெய் டின்னில் ஒரு கன்றைக் கொண்டுவந்து குவார்ட்டர்ஸ் பின்புறம் நட்டாள். நாலு வருஷம் இலைதான் விட்டது. ஐந்தாம் வருஷம் அவள் இருமலில் ரத்தம் வந்தது. பெரிய டாக்டர்களும் கையை விரித்துவிட்டார்கள்.

படுக்கையிலிருந்து ஜன்னல் வழியாக மரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். "இது ஒரு பூ விட்டாப் போதும், நானும் எழுந்து நடந்துடுவேங்க" என்றாள். அதைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ள எனக்கு வேறு எதுவும் மிச்சமில்லை.

மாமனாருக்கு எழுதினேன். நல்ல குளிர் பட்டால்தான் பூக்கும் என்று பதில் வந்தது.

நான் கான்ட்ராக்ட் ஆட்கள் தங்கும் கேம்ப்பில் கம்பவுண்டர். குழந்தைகளுக்கு வரும் தொண்டை அடைப்பான் நோய்க்கான ஊசி மருந்தை ஐஸ் பெட்டியில்தான் வைக்க வேண்டும், சூடு பட்டால் கெட்டுவிடும். அதற்காகத் தினமும் காலை பஸ்ஸில் கடலூரிலிருந்து ஒரு பாளம் ஐஸ் மரத்தூள் மூட்டையில் வரும். டாக்டர் எப்போதாவதுதான் எட்டிப்பார்ப்பார். மார்கழியில் பாதிப் பாளம் எடுத்தேன். தையில் முழுசும் எடுத்தேன். சாக்கில் சுற்றி வேரிலும் கிளையிலும் கட்டினேன்.

கேம்ப்பில் வேலை செய்யும் ராயப்பனின் மகன் அந்த ஊசி போட்டும் இறந்தபோது, லேட்டாகத் தூக்கிவந்தார்கள் என்று சொன்னேன். பாதி நிஜம். மறுவாரம் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மருந்து கலங்கியிருந்தது. கொட்டினால், ஐஸ் எங்கே என்று கேட்பார்கள். திரும்பப் பெட்டியிலேயே வைத்தேன்.

மண் சுமக்கும் வீரம்மாள், தொண்டை அடைத்த தன் மகள் செல்லக்கிளியை நேரத்தோடுதான் கொண்டுவந்தாள். நாலு வயசு. ஜீப்பில் கடலூருக்கு அனுப்பியிருந்தால் பிழைத்திருக்கும்; இங்கே இருந்த மருந்து என்னவாயிற்று என்றும் கேட்டிருப்பார்கள். ஆனால் அன்று காலைதான் மரத்தில் மொட்டு பார்த்திருந்தேன். இன்னும் பத்து நாள் ஐஸ் வேண்டும். குப்பியை எடுத்து வீரம்மாள் கையில் கொடுத்துவிட்டு, ஊசியைக் கொதிநீரில் போட்டேன்.

"பொழச்சிக்குமுங்களா?"

"ஊசி போட்டா சரியாயிடும். அழாத."

மூன்றாம் நாள் புதைத்தார்கள்.

பத்தாம் நாள் பூத்தது. ஒரே பூ, வெளிர் ரோஸ். கண்ணகி சிரித்தாள். அன்று மாலை அவளை உடம்பு விசாரிக்க வீரம்மாள் வந்தாள். ஜன்னலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னாள்:

"ஐயா மேல குத்தமில்லீங்கம்மா. ஐஸ் பொட்டிலேர்ந்துதான் எடுத்தாரு. ஆனா குப்பி கையில வெதுவெதுன்னு இருந்திச்சி. எல்லாம் எந் தலையெழுத்து."

கண்ணகி மரத்தைப் பார்த்தாள். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "ஐஸ் ஏதுங்க?" என்று தினமும் கேட்பவள், அன்று கேட்கவில்லை.

இரண்டு குழந்தைகளையும் நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டிலிருந்து இந்த ஸ்டேஷன் ஒன்றரை மைல். மறுநாள் காலை வேலியைப் பிடித்துப் பிடித்து, தன்னந்தனியாக நடந்தே வந்து கண்ணகி புகார் கொடுத்தாள் என்றீர்களே.

பார்த்தீர்களா ஐயா, பூத்ததும் எழுந்து நடந்துவிட்டாள்.